ரத்தப் புற்றும் லட்ச ரூபாய் மாத்திரையும்

(திருத்தணியில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கூலி உயர்வு அல்ல, போனஸ் அல்ல, குத்தகை பாக்கியும் அல்ல. நம் ரத்தத்துக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதி. தறி ஓட்டுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இது எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம்.

எதற்கு என்றால், இந்தச் சின்னப் பொருள் கெட்டுப்போனால் வரும் வியாதி ஏழை, பணக்காரன் பார்த்து வருவதில்லை. ஆனால் அதற்கான மருந்து ஒரு காலத்தில் பணக்காரனுக்கு மட்டுமே என்றிருந்தது. அந்த மருந்துக்காக ஓர் அந்நியக் கம்பெனி நமது நாட்டின் சட்டத்தின் மீதே வழக்குப் போட்டது. வழக்கு நடந்தது எங்கோ அல்ல. இங்கிருந்து ரயில் ஏறினால் போய் இறங்குகிற சென்னைப் பட்டணத்தில். அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ளாமல் வேறு யார் தெரிந்துகொள்வது?

உத்தரவுச் சீட்டும் பொத்தானும்

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். நமது உடம்பு சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றில் பலவற்றுக்கு உட்கரு உண்டு. ஒவ்வோர் உட்கருவிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி நூல்கள் இருக்கின்றன. இந்த நூல்களின் மீதுதான் ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. தமிழில் மரபணு என்கிறார்கள். புரதம் செய்வதற்கான ஜீன்கள் மட்டும் மனிதனிடம் ஏறக்குறைய 20,000.

ஜீன் என்றால் என்ன? அது ஓர் உத்தரவுச் சீட்டு. தறிப் பட்டறையில் என்ன பாவு, என்ன ஊடை, எத்தனை இழை, எந்தக் கரை என்று சீட்டு வருகிறதல்லவா? சீட்டு துணி ஆகாது. சீட்டைப் பார்த்து நெய்தால்தான் துணி வரும். அதுபோல ஜீனைப் பார்த்து உயிரணு ஒரு புரதத்தை நெய்கிறது. அந்தப் புரதம்தான் வேலை செய்கிறது.

புரதங்களில் ஒரு வகைக்கு நொதி என்று பெயர். வெறும் சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச் சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம். நடக்கிற வேலையைத் துரிதப்படுத்தித் தருவது நொதி.

நொதிகளுக்குள் ஒரு கூட்டத்துக்குப் பெயர் கைனேஸ். நமது ஜீன்களில் 500-க்கு மேற்பட்டவை கைனேஸ் செய்வதற்கான சீட்டுகள். கைனேஸின் வேலை என்ன? ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மீது ஒட்டுவது. அவ்வளவுதான். பாஸ்பேட் உங்களுக்குப் புதியதல்ல. நெல்லுக்கும் கரும்புக்கும் சூப்பர் பாஸ்பேட், டிஏபி என்று மூட்டை மூட்டையாகச் சுமந்து கொட்டுகிறீர்களே, அந்தச் சத்துத்தான்.

இந்தச் சின்ன ஒட்டல் என்ன செய்கிறது? பொத்தானை அமுக்குகிறது. பம்பு செட்டு ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் உண்டல்லவா? பாஸ்பேட் ஒட்டினால் பல புரதங்களுக்குப் பச்சை அமுங்கியதாக அர்த்தம், வேலை ஆரம்பமாகும். இன்னொரு நொதி வந்து பாஸ்பேட்டைக் கழற்றினால் சிவப்பு, வேலை நிற்கும். மண்வெட்டியைத் தூக்குகிறீர்கள்; தசையில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து உடனே உடைந்து பலம் தருகிறது. அந்த உடைப்பைத் தொடங்கி வைப்பதும் ஒரு கைனேஸ்தான். எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1955 வாக்கில் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் தசையை ஆராய்ந்து இதைக் கண்டார்கள். 1992-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உழைக்கும் கையின் தசையிலிருந்து பிறந்த விஞ்ஞானம் இது!

கதர் உடுத்த மாணவன்

கைனேஸ் ஒட்டுகிற பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? உயிரணுவுக்குள் ஏடிபி என்று ஒரு பொருள் இருக்கிறது. உயிரணுவின் கைச்செலவுப் பணம் அது. எந்த வேலைக்கும் அதைத்தான் உடைத்துச் செலவழிக்கிறது. கைனேஸும் அதிலிருந்துதான் ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து எடுக்கிறது.

இந்த ஏடிபியை 1929-ல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்த ஏழைத் தெலுங்குப் பிள்ளை. சென்னையில் படித்தவர். காந்தியின் அறைகூவலைக் கேட்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடையில் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. முழுப் பட்டம் கொடுக்காமல் குறைந்த தரச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அமெரிக்கா போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்க் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, உடம்பில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்கும் முறையை வகுத்தார். பிறகு ஏடிபியைப் பிரித்தெடுத்தார். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே வருஷம் தனியாக அதைக் கண்டார்.

பின்னால் சுப்பாராவின் தலைமையில் உருவான மருந்துகளைக் கொண்டுதான் சிட்னி பார்பர் என்ற டாக்டர் 1947-48-ல் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு முதன்முறையாகத் தற்காலிக விடிவு காட்டினார். 1948-ல், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். நாம் எல்லைப் பக்கத்து ஜனங்கள். நமது வீடுகளில் பாதி பேச்சு தமிழ், பாதி பேச்சு தெலுங்கு. இந்தப் பெயரை நமது பிள்ளைகளுக்கு இரண்டு பாஷையிலும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எல்லை மாறிய ஜீன்

இனி நமது கதைக்குரிய ஜீனுக்கு வருவோம். அதன் பெயர் ஏபிஎல். அது 9-வது குரோமோசோமில் இருக்கிறது. அதுவும் ஒரு கைனேஸுக்கான சீட்டுத்தான். ஒழுங்காக இருக்கும்போது அது சாதுவான ஜீன். வேண்டும்போது பச்சை, வேண்டாதபோது சிவப்பு. 22-வது குரோமோசோமில் பிசிஆர் என்று இன்னொரு ஜீன் இருக்கிறது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் இடைவிடாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் 46 குரோமோசோம்களையும் நகல் எடுக்க வேண்டும். கோடிக்கணக்கான நகலில் எப்போதோ ஒரு தடவை ஒரு கோளாறு நேர்கிறது. 9-வது குரோமோசோமின் நுனி உடைகிறது. 22-வதின் நுனியும் உடைகிறது. இரண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது நமது திருத்தணி அந்தப் பக்கம் இருந்தது. போராட்டம் நடந்தது, படாஸ்கர் சிபாரிசு வந்தது, சட்டம் வந்தது, 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. இங்கிருந்து சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. மனிதர்கள் எல்லை மாற்றும்போது மனு உண்டு, விசாரணை உண்டு. குரோமோசோம்கள் மாற்றிக்கொள்ளும்போது கேட்பாரில்லை. ஏபிஎல் போய் பிசிஆரின் பக்கத்தில் விழுந்து, இரண்டும் ஒரே சீட்டாகத் தைக்கப்பட்டுவிடுகின்றன. அந்தக் கலப்புச் சீட்டிலிருந்து பிறக்கும் கைனேஸுக்குச் சிவப்புப் பொத்தானே கிடையாது! பச்சை அமுங்கியது அமுங்கியபடியே இருக்கிறது. "பெருகு, பெருகு" என்று ராப்பகலாக உத்தரவு போகிறது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

இதுதான் நாள்பட்ட ரத்தப் புற்று வகைகளில் ஒன்று. டாக்டர்கள் சிஎம்எல் என்பார்கள். சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள், இந்த வியாதியில் லட்சத்தைத் தாண்டிப் போவதுண்டு.

திருத்தணி நமது பக்கம் வந்த அதே 1960-ல்தான் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் குட்டையாகிப்போன ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். ஆகவே அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர். 1973-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி, அது வெறும் குட்டையானதல்ல, 9-க்கும் 22-க்கும் நடந்த இடமாற்றம் என்று காட்டினார். 1980-களில் இடம் மாறிய ஜீன் ஏபிஎல் என்றும், அது கைனேஸ் என்றும் தெளிவாயிற்று.

பாவமும் அல்ல, பரம்பரையும் அல்ல

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜீன் என்ற சொல்லைக் கேட்டவுடன், "அந்தக் குடும்பத்தில் ரத்தமே கெட்டது, பெண் எடுக்காதே, பெண் கொடுக்காதே" என்று பேசுகிறவர்கள் உண்டு. இது தவறு. இந்தக் கோளாறு தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. பிறந்து, வளர்ந்து, எலும்பு மஜ்ஜையில் ஒரே ஓர் அணுவில் நேர்ந்தது. அது குழந்தைகளுக்குப் போவதில்லை. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. முன்ஜென்மப் பாவத்தாலும் வருவதில்லை. ஹிரோஷிமாவில் அமெரிக்கா போட்ட அணுகுண்டின் கதிர்வீச்சுப் பட்டவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. மற்றபடி பெரும்பாலோருக்கு வெளிக் காரணம் எதுவும் தெரிவதில்லை.

அடையாளம் என்ன? காரணமில்லாத அசதி. உடம்பு இளைத்தல். இரவில் வியர்வை. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்ததுபோலத் தோன்றுவது. பலருக்கு எந்த அடையாளமும் இல்லாமல், வேறு எதற்கோ ரத்தம் பார்க்கும்போது தெரிகிறது. மேல் நாடுகளில் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் வருகிற வியாதி, நமது நாட்டில் முப்பது நாற்பதுகளிலேயே அதிகம் காணப்படுகிறது. அதாவது, குடும்பத்தைச் சுமக்கிற வயதில்! அசதியை "வேலைக் களைப்பு" என்று தள்ளிவிடுவது நமது வழக்கம். வாரக்கணக்கில் விடாத அசதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெள்ளை அணுவை எண்ணுகிற பரிசோதனை பெரிய செலவுள்ளது அல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள்.

சிவப்புப் பொத்தான் கிடைத்தது

முன்பெல்லாம் இந்த வியாதி வந்தால் நான்கைந்து வருஷம்தான் என்பார்கள். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மாற்றுச் சிகிச்சை செய்யலாம். அதற்குப் பணமும் வேண்டும், அதிர்ஷ்டமும் வேண்டும்.

விஞ்ஞானிகள் யோசித்தார்கள். கெட்டுப்போனது ஒரே ஒரு கைனேஸ். அது வேலை செய்ய ஏடிபி வேண்டும். ஏடிபி வந்து உட்காருகிற பள்ளத்தில் வேறொரு பொருளைக் கொண்டுபோய் அடைத்துவிட்டால்? சாவித் துவாரத்தில் குச்சியைச் செருகிவிட்டால் சாவி நுழையாதல்லவா? அப்படிப்பட்ட குச்சியை சுவிட்சர்லாந்தில் சிபா-கெய்கி கம்பெனியில் யூர்க் சிம்மர்மன், நிக்கோலஸ் லைடன் முதலியோர் உருவாக்கினார்கள். அமெரிக்காவில் ஒரிகான் மாகாணத்தில் பிரையன் டிரக்கர் என்ற டாக்டர் அதை இந்த வியாதிக்குச் சோதித்து, மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1998-ல் சோதனை ஆரம்பமாயிற்று. போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்தம் சீரடைந்தது! 2001 மே மாதம் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் இமாடினிப். கம்பெனி வைத்த பெயர் கிளிவெக். இதற்கிடையே 1996-ல் சிபா-கெய்கியும் சாண்டோசும் இணைந்து நோவார்டிஸ் ஆகியிருந்தது.

முதலில் இமாடினிப் எடுத்தவர்களைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017-ல் கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 83 பேர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். சாவு என்று இருந்ததைத் தினம் ஒரு வேளை மாத்திரை என்று ஆக்கிற்று விஞ்ஞானம். இதை நாம் மனதார வாழ்த்துகிறோம். மருந்து கண்ட விஞ்ஞானிகளை வணங்குகிறோம்.

ஆனால் கேளுங்கள். குரோமோசோமைப் பார்த்தது யார்? இடமாற்றத்தைக் கண்டது யார்? ஏபிஎல் கைனேஸ் என்று நிரூபித்தது யார்? பல்கலைக்கழகங்களிலும் பொது ஆராய்ச்சிக் கூடங்களிலும், பெரும்பாலும் ஜனங்களின் வரிப்பணத்தில் வேலை செய்தவர்கள். நாற்பது வருஷம் பலர் சேர்ந்து உழுது, விதைத்து, தண்ணீர் பாய்ச்சினார்கள். கடைசியில் கம்பெனியும் வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் களத்து நெல் முழுவதும் எனக்கே என்று சொன்னது!

மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம்

நோவார்டிஸ் நமது நாட்டில் வைத்த விலை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் விற்றன. அதுவும் கூலிக்காரனுக்கு அதிகம்தான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள், பத்து மடங்குக்கு மேல்!

இந்தியக் கம்பெனி முதலாளி தர்மத்துக்காக மலிவாக விற்கவில்லை. அவனுக்கும் லாபம்தான் குறி. பிறகு எப்படி முடிந்தது? சட்டம் இடம் கொடுத்தது. வெள்ளைக்காரன் போட்ட 1911-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் இருந்தவரை, நமது நாட்டில் மருந்து விலை உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அமெரிக்க செனட்டில் கெபாவர் கமிட்டியே இதைச் சொல்லிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் 1970-ம் வருஷச் சட்டம் வந்தது. மருந்து செய்யும் முறைக்குத்தான் பேடண்ட், மருந்துப் பொருளுக்கு இல்லை என்று அது சொல்லிற்று. பிம்பிரியில் 1954-ல் தொடங்கிய பொதுத்துறைத் தொழிற்சாலையும், சோவியத் உதவியுடன் 1961-ல் பிறந்த ஐடிபிஎல்லும் மருந்து செய்யும் திறமையை இந்த மண்ணில் வளர்த்தன. இதனால்தான் இந்தியா மலிவு மருந்துக்குப் பெயர் பெற்றது.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் பேடண்ட் கொடுத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 1998-லேயே நோவார்டிஸ் சென்னைப் பேடண்ட் ஆபீசில் மனுப் போட்டு வைத்தது. 2003 நவம்பரில் அதற்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. இந்தியக் கம்பெனிகள் சிலவற்றின் மருந்துக்குக் கோர்ட்டுத் தடையும் வந்தது. எட்டாயிரம் ரூபாய் மாத்திரையைச் சாப்பிட்டு உயிரோடு இருந்த நோயாளி திகைத்து நின்றான்.

சட்டத்தில் ஒரு பூட்டு

2005 மார்ச்சில் பேடண்ட் திருத்த மசோதா பார்லிமெண்டுக்கு வந்தது. அப்போதைய சர்க்கார் இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவில் நின்றது. வெளியே நோயாளிகள் சங்கங்கள், டாக்டர்கள், வழக்கறிஞர்கள் குரல் எழுப்பினார்கள். உள்ளே இடதுசாரிகள் வற்புறுத்தினார்கள். மசோதாவில் பல திருத்தங்கள் ஏறின. அவற்றில் முக்கியமானது 3(டி) என்ற பிரிவு. அது சொல்வது எளிமையானது. ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சற்று உருமாற்றிக் கொண்டுவந்தால் புதுப் பேடண்ட் கிடையாது. நோய் தீர்க்கும் குணம் கூடியிருக்கிறது என்று நிரூபித்தால்தான் உண்டு.

நோவார்டிஸ் கேட்டது எதற்கு? இமாடினிப் என்ற பொருளுக்கு அல்ல. அது 1990-களிலேயே வெளிநாட்டில் பேடண்ட் பெற்றுவிட்டது. அதன் உப்பின் ஒரு தனிப்பட்ட படிக உருவத்துக்குக் கேட்டது. சேலை அதேதான், மடிப்பை மாற்றிப் பெட்டியில் வைத்து, புதுச் சேலை என்று விலை கேட்பதுபோல!

மும்பையிலுள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபம் கொடுத்தன. 2006 ஜனவரி 25-ந் தேதி சென்னைப் பேடண்ட் ஆபீசு மனுவைத் தள்ளிற்று. கம்பெனி சும்மா இருந்ததா? 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கைத் திரும்பப் பெறு என்று உலகெங்கும் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2007 ஆகஸ்ட் 6-ந் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அந்த வழக்கைத் தள்ளினார்கள். 2009 ஜூனில் மேல்முறையீட்டு வாரியமும் பேடண்ட் இல்லை என்றது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போயிற்று. "எங்கள் படிகம் உடம்பில் 30 சதவிகிதம் அதிகமாகச் சேர்கிறது" என்று வாதாடிற்று. "அதிகம் சேர்கிறது என்பதனால் மட்டும் அதிகம் குணமாக்குகிறது என்று ஆகிவிடாது, நிரூபணம் எங்கே?" என்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் கேட்டு, 2013 ஏப்ரல் 1-ந் தேதி மேல்முறையீட்டைத் தள்ளினார்கள்.

திருத்தணி மக்களுக்கு ஏப்ரல் 1 முட்டாள்கள் தினமல்ல, தோழர்களே! 1960-ல் ஊர் வந்த நாள் அது. 2013-ல் மருந்து மீண்ட நாளும் அதுவே.

இரண்டு வாதங்கள்

கம்பெனியின் தரப்பையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். "ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்தோமே" என்றது அது. கொடுத்தது உண்மை. வாங்கியவர்கள் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் தானம் கொடுக்கிறவன் மனது வைக்கிறவரைதான் தானம். யாருக்கு, எத்தனை நாள் என்பதை அவன் தீர்மானிக்கிறான். மலிவு விலையோ எல்லோருக்கும் உரியது. கூலிக்குப் பதிலாகப் பண்டிகைக்கு வேட்டி கொடுக்கிற மிராசுதாரை நாம் அறியோமா?

"லாபம் இல்லாவிட்டால் நாளைய மருந்தை யார் ஆராய்வது?" என்பது இரண்டாவது வாதம். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஆராய்ச்சிச் செலவு வந்துசேர்ந்தால் விலை இறங்க வேண்டுமல்லவா? அமெரிக்காவில் இதே மாத்திரை 2001-ல் வருஷத்துக்கு ஏறக்குறைய 30,000 டாலர். 2012-ல் ஏறக்குறைய 92,000 டாலர்! மூன்று மடங்கு ஏறிற்று. 2013-ல் இந்த வியாதிக்கு வைத்தியம் செய்யும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள், பல தேசத்தவர், சேர்ந்து இதைக் கண்டித்து எழுதினார்கள்.

2012 மார்ச்சில் நமது பேடண்ட் ஆபீசு இன்னொன்றும் செய்தது. சொராஃபெனிப் என்ற மருந்தும் கைனேஸைத் தடுப்பதுதான். ஈரல், சிறுநீரகப் புற்றுக்குக் கொடுப்பது. பேயர் கம்பெனி மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதை 8,800 ரூபாய் வாக்கில் விற்கக் கட்டாய உரிமம் கொடுக்கப்பட்டது. சட்டத்தில் ஆயுதம் இருக்கிறது. எடுக்க மனமும், பின்னால் ஜனங்களின் பலமும் வேண்டும் என்பதுதான் இதன் பாடம்.

நாம் செய்ய வேண்டியது

இமாடினிப் பேடண்ட் பிடியிலிருந்து விடுபட்டது. 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வேலை முடிந்ததா? இல்லை.

முதலாவது, மாத்திரையை விடக் கூடாது. இந்த மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த மாத்திரையும் அப்படித்தான். பாதிப் படியில் நின்றவன் மலை ஏறியவன் ஆகமாட்டான். மூன்று மாதத்தில் உடம்பு தேறிவிடும், "நன்றாகத்தானே இருக்கிறோம், ஒரு நாள் கூலியை விட்டு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் வியாதி திரும்பும். விட்டு விட்டுச் சாப்பிட்டால், கெட்ட அணுக்கள் அடங்காமல் தலைதூக்கும். ஏபிஎல் ஜீனில் மேலும் மாற்றம் நேர்ந்து, மருந்து உட்காருகிற பள்ளத்தின் வடிவமே மாறிப்போவதும் உண்டு. அப்போது இமாடினிப் கேட்காது. வேறு விலையுயர்ந்த மருந்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுங்கள், முடி காணிக்கை கொடுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் முருகனுக்கு நேர்ந்துகொண்டோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டுடன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன், தினம் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். பெண்கள், கர்ப்பம் தரிக்க நினைத்தாலும் தரித்தாலும், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, மருந்தோடு பரிசோதனையும் வேண்டும். கலப்பு ஜீன் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். வெள்ளை அணுவை எண்ணுவதுபோல இது மலிவானதல்ல. சிறிய ஊர்களில் கிடைப்பதுமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. டாக்டர் சாந்தா 2021-ல் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்து, இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அது பெருமைதான். ஆனால் திருத்தணி, பள்ளிப்பட்டு, திருவாலங்காட்டுத் தொழிலாளி ஒவ்வொரு தடவையும் அடையாறுக்கே ஓட வேண்டுமா? 2022-ல் திருவள்ளூரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்கே இந்தப் பரிசோதனையும், தடையில்லாமல் மாத்திரையும் வேண்டும் என்று கேட்பது நமது நியாயம். போய்வரும் நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது என்பதும் நமது கோரிக்கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, 3(டி)-யைக் காப்பது. 2005-க்குப் பின் வந்த புது மருந்துகளுக்கு நமது நாட்டிலும் பொருள் பேடண்ட் உண்டு. கைனேஸைத் தடுக்கும் மருந்துகள் பல வியாதிகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இதே கேள்வி எழும். வெளிநாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசுகிறபோதெல்லாம் இந்தப் பூட்டைத் தளர்த்தச் சொல்லி நெருக்குகிறார்கள். ஒப்பந்தப் பேச்சு நடக்கிறது என்று பத்திரிகையில் பார்த்தால், "மருந்து பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

தோழர்களே! ஏபிஎல் என்ற அந்த ஜீன் முதலாளி உடம்பிலும் இருக்கிறது, தொழிலாளி உடம்பிலும் இருக்கிறது. தமிழன் உடம்பிலும், தெலுங்கன் உடம்பிலும், சுவிட்சர்லாந்துக்காரன் உடம்பிலும் 9-வது குரோமோசோமில் அதே இடத்தில்தான் இருக்கிறது. இயற்கை அதில் பேதம் வைக்கவில்லை. பேதம் விலைச் சீட்டில்தான் இருக்கிறது. விலைச் சீட்டு மனிதன் எழுதியது. மனிதன் எழுதியதை மனிதர்கள் சேர்ந்து திருத்த முடியும் என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் கேட்டதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். அசதி என்று படுத்திருப்பவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தியவர் எவராவது இருந்தால், நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ரயில் செலவுக்குக் கையில் இல்லையென்றால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.